வீடு கண்ணாடி மாதிரி இருக்கு

விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று தனுஷ்கோடிக்குத் தெரியவில்லை.

கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துழாவினார். போன வருடத்துக் காலண்டர்தான் கிடைத்தது. மனைவி சௌந்தரம் தூத்துக்குடியில் இருக்கும் மகள் அனுசியா வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் அவர் விளக்குமாற்றைத் தேடுவது இதுதான் முதல் முறை.

தேட வைத்தது காலை எட்டு மணிக்கு வந்த போன்.

"நாளைக்குச் சனிக்கிழமை காலையில வாரேன். வீட்டை ஒரு பார்வை பார்க்கணும். பார்த்துட்டுத்தான் ஒரு முடிவு எடுக்கணும்" என்றாள் சௌந்தரம்.

"என்ன முடிவு?"

"வந்து சொல்றேன். வீடு எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு. நீ இருந்தப்பக்கூட இப்படி இருந்ததில்லை, போயேன்."

மறுமுனையில் போன் பட்டென்று கட்டானது. தூத்துக்குடியில் டவர் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தனுஷ்கோடி போனை வைத்தார்.

என்ன முடிவு என்பது அவருக்குத் தெரியாததல்ல. அனுசியா வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் சௌந்தரம் போனது. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள இப்போது பக்கத்திலேயே ஒரு பெண் கிடைத்துவிட்டாள். ஆனால் அனுசியா போன வாரம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். "அப்பா தனியா என்ன பாடுபடுறாகளோ. வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க."

தனுஷ்கோடி தூத்துக்குடியில் நான்கு நாள் இருந்து பார்த்தவர். துவைத்துப் போட்ட வேட்டி இரண்டு நாளாகியும் காயவில்லை. டப்பாவில் இருந்த முறுக்கு துணி மாதிரி துவண்டது. தீக்குச்சி பற்றவில்லை. அருப்புக்கோட்டையில் இரண்டாவது துணியைக் கொடியில் போடும்போது முதல் துணி காய்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஊரை விட்டுவிட்டு எந்த மனிதன் போவான்?

ஆகவே கணக்கு நேரானது. வீடு சுத்தமாக இருந்தால், மனுஷன் சமாளிக்கிறான் என்று சௌந்தரம் இங்கேயே தங்கிவிடுவாள். குப்பையாக இருந்தால் பூட்டைப் போட்டு அவரையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள்.

அவள் இல்லாத வீட்டில் டிவி சத்தம்கூட எதிரொலித்தது என்பதும் உண்மை. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து, சேரில் உட்கார்ந்தபடியே தூங்கினார். இதையெல்லாம் போனில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் கவலைப்படுவாள். அதனால் தினமும் வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அதில் முகம் தெரியவில்லை. விரலால் தேய்த்ததும் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

---

பக்கத்து வீட்டுப் பேச்சி ஒரு விளக்குமாற்றையும் ஒரு வாளியையும் கொடுத்தாள். வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, இது விளக்குமாத்துக்கு அடங்காது. நான் ஒரு பாட்டில் ஃபினாயிலு தாரேன். வாளித் தண்ணியில ஊத்தி ரெண்டு இழுப்பு இழுத்தா அரை மணி நேரத்துல முடிஞ்சது."

"ஃபினாயிலா? ஆளை விடு தாயி. உன் மதினிக்குத் தெருமுனையிலயே வாடை தெரிஞ்சிரும்."

விஷயம் என்னவென்றால், தூத்துக்குடிக்குப் போன சௌந்தரம் அங்கே இயற்கை முறைக்கு மாறியிருந்தாள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஃபினாயில், ஆசிட் எதுவும் ஆகாது என்று அந்தக் குடியிருப்புப் பெண்கள் சொல்லிக்கொடுத்த வைத்தியத்தையெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பினாள். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் தனுஷ்கோடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாக அனுப்பியிருந்தார். ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

இப்போது சேரில் உட்கார்ந்து பதினொன்றையும் வரிசையாகக் கேட்டார். பின்னால் குழந்தை அழுதது, குக்கர் விசிலடித்தது. நடுவில் சௌந்தரத்தின் குரல் வந்தது. மூன்றாவதைக் காரணமில்லாமல் இரண்டு தடவை கேட்டார்.

அவர் முப்பத்திரண்டு வருடம் திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எழுதியிருப்பது எதுவோ அதைத்தான் செய்வார்; கூடவும் மாட்டார், குறையவும் மாட்டார். அந்தக் குரல் தூத்துக்குடி வீட்டைப் பார்த்துத் தூத்துக்குடி வீட்டுக்காகப் பேசுகிறது என்ற எண்ணம் அவருக்கு வரவே இல்லை.

கடைக்குப் போய்க் கல் உப்பு ஐந்து கிலோ, பூந்திக்கொட்டை ஒரு கிலோ, அடுப்புக்கரி ஒரு பை வாங்கினார். போகும்போது முதல் குரலின்படி கதவையும் ஜன்னல்களையும் மலரத் திறந்து வைத்தார். 'ரெண்டு பக்கமும் திறந்து போட்டுக் காத்தை உள்ள ஓட விடுங்க. அதுதான் முதல் மருந்து.'

ஆடி மாதம். தெற்கே காடு முழுக்க உழுது போட்டுக் கிடந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று வெளியே வந்து கதவு இலக்கத்தைப் பார்த்தார். சரியான வீடுதான். உள்ளே கரிசல் மண் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. சோபாவின் மேல் யாருடைய வீட்டுச் சோளத்தட்டையோ ஒய்யாரமாகக் கிடந்தது.

"அண்ணே, ஆடியில யாராச்சும் ஜன்னலைத் திறப்பாகளா?" என்றாள் பேச்சி.

"அவதான் சொன்னா."

"அங்க காத்து கடல்ல இருந்து வருது. இங்க எங்கேருந்து வருதுன்னு தெரியாதா?"

தெரியும். ஆனால் அதைக் குரல் சொல்லவில்லையே.

கூட்டினார். காய்ந்த மண் எழும்பி உத்தரத்தில் போய் உட்கார்ந்தது. வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டார். உத்தரத்தில் உட்கார்ந்தது திரும்பவும் கீழே வந்தது. இப்படியே மூன்று தடவை போக்குவரத்து நடந்த பிறகு கூட்டுவதைக் கைவிட்டு, துடைப்பதற்கு வந்தார்.

நாலாவது குரல்: 'பூந்திக்கொட்டையைத் தட்டிக் கொதிக்க வச்சு, நுரை வர அடிச்சு, அந்தத் தண்ணியில துடைங்க. துடைச்சதும் ரெண்டு மணி நேரம் ஈரம் நிக்கும். அதுவரைக்கும் கால் வைக்கக் கூடாது.'

பத்துக் கொட்டை போதும் என்பதும் குரலில் இருந்திருக்கும். அந்த இடத்தில் குழந்தை வீறிட்டிருந்தது. தனுஷ்கோடி ஒரு கிலோவையும் போட்டார். நுரை அடுப்பை விட்டு இறங்கி, அடுப்படி வாசல் வரை தானாகவே வந்தது. இது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு துடைத்தார். தரை பளபளத்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வீடு உண்மையாகவே கண்ணாடி மாதிரி இருந்தது.

மூன்றாவது நிமிடம் காய்ந்துவிட்டது.

தனுஷ்கோடி மணியைப் பார்த்தார். இரண்டு மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். மூன்று நிமிடம்தான் நின்றிருக்கிறது. எங்கேயோ தவறு செய்துவிட்டோம் என்று பதறி இன்னொரு வாளி ஊற்றினார். அதுவும் காய்ந்தது. மறுபடி ஊற்றினார். வாசலில் இருந்து பேச்சி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, நாத்து நடப் போறீகளா?"

"ஈரம் ரெண்டு மணி நேரம் நிக்கணுமாம். நிக்க மாட்டேங்குது."

"இந்த ஊருல மழையே ரெண்டு மணி நேரம் நிக்காது. வாளித் தண்ணி எப்படி நிக்கும்?"

ஏழாவது வாளியில் ஈரம் நின்றது. அதற்குள் உத்தரத்தில் மிச்சமிருந்த மண் முழுவதும் இறங்கி வந்து அதில் சேர்ந்துகொண்டது. பூந்திக்கொட்டைப் பசையும் கரிசலும் கலந்து, கால் வைத்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பியது.

---

மணி இரண்டு. அப்போதுதான் உப்பு ஞாபகம் வந்தது.

ஆறாவது குரல்: 'மூலைக்கு மூலை கிண்ணத்துல கல் உப்பு வையுங்க. வீட்டு ஈரத்தையெல்லாம் அது குடிச்சிரும். ஒரு வாரத்துல உப்பு தண்ணியா நிக்கும். நிக்கலைன்னா வைக்கவே இல்லைன்னு அர்த்தம்.'

கடைசி வரியை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். மூன்று மாதமாக வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் வந்து பார்த்தால் உப்பு புத்தம் புதிதாகக் கல் கல்லாக அல்லவா இருக்கும்? இத்தனைக்கும் அந்த உப்பு தூத்துக்குடியில் விளைந்ததுதான். ஊர் மாறியதும் தன் வேலையை மறந்துவிட்டது.

வீட்டில் இருந்த பதினெட்டுக் கிண்ணங்களிலும் உப்பைப் போட்டு, யாரும் பார்க்காதபோது ஒவ்வொன்றிலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினார். மூலைக்கு மூலை வைத்தார். பூச்சி அண்டாமல் இருக்க ஜன்னல்களில் வேப்பங்குழையைக் கொத்துக் கொத்தாகக் கட்டினார். அது எட்டாவது குரல். பிறகு அசதியில் வாசல் வேம்பு நிழலில் சேரைப் போட்டுக் கண்ணை மூடினார்.

உப்பும் வேப்பங்குழையும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள் என்பதைக் குரல் சொல்லவில்லை. தூத்துக்குடியில் மகள் குடியிருப்பது மூன்றாவது மாடி.

பேச்சியின் ஆடுகள் மொத்தம் ஐந்து. ஐந்தும் உள்ளே இருந்தன. தனுஷ்கோடி கண் விழித்து ஓடிவந்தபோது ஒன்று டிவி ஸ்டாண்டின் மேல் ஏறி ஜன்னல் குழையைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு உப்பை நக்கிக்கொண்டிருந்தன. ஒன்று நக்கி முடித்துவிட்டுத் தாகம் தாங்காமல் துடைப்பு வாளியில் வாயை வைத்து, நுரையோடு தும்மியது. கடைசி ஆடு கட்டிலில் படுத்திருந்தது. சௌந்தரத்தின் இடத்தில்.

"ஏ பேச்சி! ஓடியா!"

"ஐயையோ, என் ஆட்டுக்கு என்ன கொடுத்தீக? நுரை தள்ளுதே!"

"நான் எங்க கொடுத்தேன்? அதுவா எடுத்துக்கிச்சு!"

விரட்டிய விரட்டில் ஆடுகள் சேற்றில் வழுக்கி, சுவரில் சாய்ந்து, சோபாவில் ஏறி, போகும் வழியெல்லாம் புழுக்கை போட்டபடி வெளியேறின. கிண்ணங்களில் மிஞ்சியது ஒன்று. பீரோவுக்குப் பக்கத்து மூலையில் அது மட்டும் தப்பித்திருந்தது.

வீட்டுக்குள் இப்போது ஆட்டு வாடை.

தனுஷ்கோடி நடுக்கூடத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "இருக்கன்குடி மாரியாத்தா, நாளைக் காலையில அவ வாறதுக்குள்ள இந்த வீடு சுத்தமாயிரணும். அவ என்னோட இங்கயே இருக்கணும்." மொட்டை போடுவதாக வேண்டிக்கொள்ளலாம் என்றால், அதற்கு வேண்டிய சரக்கு தலையில் இல்லை. "அக்கினிச்சட்டி எடுக்கிறேன் தாயே."

வாடைக்குப் பத்தாவது குரலில் மருந்து இருந்தது. 'மழைக்காலத்துல ஒரு பூஞ்சை வாடை வரும். ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு, கரித்துண்டைப் பத்த வச்சுக் காஞ்ச வேப்பிலையைப் போட்டுப் புகை போடுங்க. அரை மணி நேரம் கழிச்சுத் திறங்க.'

காய்ந்த வேப்பிலைக்கு எங்கே போவது? ஆடுகள் தின்று மிச்சம் வைத்த பச்சைக் குழை இருந்தது. இரும்புச் சட்டியில் கரியைப் பற்ற வைத்து, குழையை அதன்மேல் அமுக்கி, ஜன்னல்களையும் கதவையும் சாத்திவிட்டு, வெளியே வந்து மணியைப் பார்த்தபடி நின்றார்.

பச்சைக் குழை நன்றாகவே வேலை செய்தது. பத்து நிமிடத்தில் ஓட்டு இடுக்கு, ஜன்னல் இடுக்கு, சாவித் துவாரம் எல்லாவற்றிலும் வெள்ளைப் புகை கிளம்பியது. ஆடி வெள்ளிக்காக அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தெருப் பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"தனுஷ்கோடி அண்ணன் வீடு பத்திக்கிச்சு!"

யார் முதலில் கத்தியது என்று தெரியவில்லை. ஐந்து நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்திருக்கும் தெரு அது. அந்தத் தண்ணீரை ஒருவர்கூட யோசிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜன்னலைத் தள்ளிக் குடம் குடமாக உள்ளே வீசினார்கள்.

"நெருப்பில்லை! புகைதான்! நிப்பாட்டுங்க!"

அவர் குரல் எடுபடவில்லை. சட்டைப் பையில் பழைய விசில் இருந்தது. பணி ஓய்வு பெற்ற பிறகும் அதை விடாமல் வைத்திருந்தார். எடுத்து ஊதினார். ஒரு விசில் என்றால் நில். எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டார். விசில் வாயிலேயே இருந்ததால் அது இன்னும் இரண்டு தடவை ஊதியது. இரண்டு விசில் என்றால் போகலாம், ரைட்.

எஞ்சியிருந்த குடங்களும் உள்ளே போயின.

---

மணி ஐந்து. புகை கலைந்து, தெரு கலைந்து, தனுஷ்கோடி தனியாக உள்ளே வந்தார். சுவரில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தன. மெத்தை சொட்டியது. தரையில் கணுக்கால் வரை குழம்பு. அதில் வேப்பிலையும் புழுக்கையும் மிதந்தன. காலண்டர் தாள் துவண்டு தொங்கியது. மேசையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து உரசிப் பார்த்தார். பற்றவில்லை.

பீரோ மூலையில் தப்பித்த கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். அதில் ஒரு கல்கூட இல்லை. அத்தனை உப்பும் தண்ணீராக நின்றது.

அதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று அவர் முடிவெடுப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"தவசி, ஆஃப் பண்ணிராதய்யா. அப்படியே நில்லு."

சௌந்தரத்தின் குரல். போனிலிருந்து வரும் குரல் இல்லை.

ஒயர் கூடையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். ஆட்டோ படபடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் அவள் கொண்டுபோன இரண்டு பெட்டிகளும் இறக்காமல் இருப்பதைத் தனுஷ்கோடி பார்த்தார். பெட்டியை இறக்கவில்லை, வண்டியை அணைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இப்படியே தூத்துக்குடிக்குத்தான்.

"நாளைக்குன்னுல்ல சொன்ன?"

"இன்னைக்கே பார்க்கணும்னு தோணுச்சு."

செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனாள். கூடத்தைப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்து, அதில் இருந்த ஆட்டு ரோமத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தனுஷ்கோடி செருப்பில்லாமல் பின்னாலேயே நடந்தார்.

"ஃபினாயிலு மட்டும் போடலை" என்றார் மெதுவாக.

"மூணு மாசமா இப்படித்தான் கிடந்துச்சா?"

பொய் சொல்ல ஒரு வழியும் இல்லை. "மூணு மாசமா நான் விளக்குமாத்தையே பார்க்கலை. இன்னைக்குத்தான் நீ பேசி அனுப்புனதையெல்லாம் கேட்டேன். அதுல உள்ளபடியே செஞ்சேன். அதனாலதான் இம்புட்டு ஆச்சு."

"அப்ப கண்ணாடி மாதிரி இருக்குன்னது?"

"சும்மா சொன்னேன்."

"சாப்பாடு?"

"மெஸ்ஸுல. சாம்பாரு நல்லாத்தான் இருக்கும். ஆனா இன்னும் கொஞ்சம் ஊத்தவான்னு யாரும் கேக்க மாட்டாக."

சௌந்தரம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. "நீ சொல்ற எடத்துக்கு வாரேன், சௌந்தரம். தூத்துக்குடின்னா தூத்துக்குடி. முறுக்கு நமுத்தாலும் பரவாயில்லை. நீ இல்லாம இங்க இருக்க எனக்கு முடியலை" என்றார்.

அவள் விடுவிடுவென்று வெளியே போனாள். போய்விட்டாள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டோ சத்தம் நின்றது.

"பெட்டிய இறக்குய்யா தவசி!" வாசலில் அவள் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "ஏ பேச்சி! ஒரு பாட்டில் ஃபினாயிலு கொண்டாடி. இருந்தா ரெண்டாக் கொண்டா!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தவளின் முகம் பூரித்துக் கிடந்தது. தனுஷ்கோடியின் கையில் வாளியைத் திணித்துவிட்டு, "நில்லாதீக, தண்ணிய அள்ளி வெளிய ஊத்துங்க" என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். போகிற போக்கில் கதவுக்கு மேலே இருந்த ஆணியில் கைவைத்து விளக்குமாற்றை எடுத்தாள்.

இரண்டு பெட்டிகளையும் சுமந்துகொண்டு தவசி சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தான். தனுஷ்கோடி அவன் பக்கம் குனிந்தார்.

"ஏலே தவசி, எனக்கு ஒண்ணும் வெளங்கலை. வீடு சுத்தமாகணும்னு இருக்கன்குடி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி வேண்டினேன். ஆத்தா கைவிட்டுட்டா. இவ என்னடான்னா இந்தக் கோலத்தைப் பார்த்துட்டுச் சிரிக்கிறா."

தவசி பெட்டியைக் கீழே வைக்க இடம் தேடியபடி சொன்னான்:

"ஆத்தா எப்படிண்ணே உங்க பேச்சைக் கேப்பா? மதினி பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ ஏறுனதுல இருந்து அதே ஆத்தாளைக் கும்பிட்டுக்கிட்டேல்ல வந்தாக: 'அந்த மனுசன் சொன்னபடி வீடு கண்ணாடியா இருந்தா நான் தேவையில்லைன்னு அர்த்தம், இதே ஆட்டோவுல தூத்துக்குடி பஸ்ஸுக்குத் திரும்பிருவேன், குப்பையாக் கிடக்கணும் தாயே, மாவிளக்கு எடுக்கிறேன்'னு!"